எதற்குப் பதிலாக? கொழுப்பு, கொலஸ்டிரால், இதயநோய் விவாதத்தில் விடுபட்ட கேள்வி

1967இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ வெளியிட்ட கட்டுரை ஒன்று எண்ணெய் பற்றிய வாக்குவாதங்களில் இன்றும் தலைகாட்டுகிறது. எழுதியவர் ரயில்வே மருத்துவத் துறையைச் சேர்ந்த எஸ்.எல். மல்ஹோத்ரா. இந்தியா முழுவதும் பணியாற்றிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் நோய், இறப்புக் கணக்குகளை அவர் மண்டலவாரியாக ஒப்பிட்டார். இதயத் தமனி நோய் பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியரிடம் 7 மடங்கு அதிகமாக இருந்தது. பஞ்சாபியர் உண்ட கொழுப்போ தென்னிந்தியர் உண்டதைப்போல 8 முதல் 19 மடங்கு. அதில் பெரும்பகுதி பால், நெய் வழியே வந்தது. தெற்கில் புழங்கியது வித்துகளிலிருந்து ஆட்டிய எண்ணெய். நெய்யும் வெண்ணெயும் தமனியை அடைக்கும் என்று மேற்கத்திய மருத்துவம் அறிவுறுத்தத் தொடங்கியிருந்த நேரத்தில் வந்த கணக்கு இது. நெய் காப்பாற்றியது, விதை எண்ணெய் கொன்றது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. இறப்புச் சான்றிதழை நம்பிச் செய்த ஆய்வு, தள்ளிவிடலாம் என்பவர்களும் உண்டு.

இரண்டு வாசிப்பிலும் அவசரம் இருக்கிறது. உணவுக் கொழுப்பு இதயத்துக்கு நல்லதா, கெட்டதா என்று கேட்கும் வரை இந்த விவாதம் முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். உணவில் ஒன்றைக் குறைப்பவர் வேறொன்றைக் கூட்டுகிறார். கொழுப்பைக் கூட்டுபவர் வேறு எதையோ குறைக்கிறார். அந்த வேறொன்று எது என்று சொல்லாத ஆய்வு முடிவு பாதி முடிவுதான். இதைச் சொல்வதால் ரத்தக் கொலஸ்டிரால் பற்றிய மருத்துவ முடிவு ஆட்டம் காண்பதில்லை என்பதும் இந்த வாதத்தின் பகுதி. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்க விவாதத்தின் இரு தரப்பும் தயங்குவதால்தான் குழப்பம் இவ்வளவு காலம் நீடிக்கிறது.

மூன்று தொடர்புகள்

உண்ணும் உணவு ரத்தக் கொழுப்பை எப்படி மாற்றுகிறது என்பது ஒரு கேள்வி. ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிரால் தமனிச் சுவரில் படிந்து நோயாகிறதா என்பது இன்னொன்று. குறிப்பிட்ட ஓர் உணவை உண்பவர் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா என்பது மூன்றாவது. முதல் இரண்டும் உறுதியானால் மூன்றாவது தானே கிடைத்துவிடும் என்று தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. ஓர் உணவு, கெட்ட கொலஸ்டிரால் என்று சொல்லப்படும் எல்டிஎல்லை மட்டும் மாற்றிவிட்டு நிற்பதில்லை. டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், இன்சுலின், உடல் எடை என்று பலவற்றையும் தொடுகிறது. எனவே மூன்று தொடர்புகளுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். வழக்கமாக நடப்பது வேறு: முதலாவதற்கான சான்றைக் காட்டி மூன்றாவதை நிறுவுகிறார்கள், மூன்றாவதில் உள்ள ஓட்டையைக் காட்டி இரண்டாவதை மறுக்கிறார்கள்.

முயலும் முட்டையும்

1913இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்டிராலை முயல்களுக்கு ஊட்டினார். மனிதத் தமனியில் காணப்படும் படிவுகளைப் போன்றவை முயலின் மகாதமனியில் உருவாயின. எலியிடமும் நாயிடமும் அது நடக்கவில்லை. முயல் தாவர உண்ணி. உணவில் கொலஸ்டிராலைச் சந்தித்தே அறியாத உயிர். ஆகவே இந்தச் சோதனை மனிதருக்குப் பொருந்தாது என்ற மறுப்பு அன்றே எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. மனித உடல் நாளொன்றுக்குத் தேவையான கொலஸ்டிராலில் பெரும்பகுதியைத் தானே தயாரிக்கிறது. வெளியிலிருந்து கூடுதலாக வந்தால் உற்பத்தியை ஓரளவு குறைத்துக்கொள்கிறது. ஆனால் ரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தால் தமனி கெடும் என்று முயல் காட்டியது வேறு செய்தி. நாயும் எலியும் தப்பியது அவற்றின் ரத்தக் கொலஸ்டிரால் அந்த அளவுக்கு ஏறாததால்தான். அனிச்கோவின் சோதனை முதல் தொடர்பில் மனிதருக்குப் பொருந்தவில்லை, இரண்டாவதில் பொருந்தியது.

முட்டையின் கதை இந்தக் கலப்பில் பிறந்தது. அமெரிக்க இதயச் சங்கம் 1968இல் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்டிரால் உண்ண வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருக்களுக்கு மேல் வேண்டாம் என்று அறிவுறுத்தியது. உணவில் உள்ள கொலஸ்டிராலின் விளைவு சிறிது, வெண்ணெய், நெய் போன்றவற்றில் மிகுந்த நிறைவுற்ற கொழுப்பின் விளைவே பெரிது என்று அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அதற்கு முன்பே எழுதிவந்தார். அந்த 300 மில்லிகிராம் வரம்பு அமெரிக்க உணவு வழிகாட்டியிலிருந்து நீங்க 2015 வரை ஆயிற்று. வரம்பு நீங்கியதும், கொலஸ்டிரால் கோட்பாடே பொய் என்று கொண்டாடியவர்கள் பலர். நீங்கியது முட்டை மீதான கட்டுப்பாடு. எல்டிஎல் பற்றிய முடிவு இருந்த இடத்திலேயே இருந்தது.

கீஸ் மீதான வழக்கு

இந்த விவாதத்தில் கீஸ் அளவுக்குத் திட்டு வாங்கியவர் வேறு எவரும் இல்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் அறிஞராக இருந்த அவர் 1953இல் ஆறு நாடுகளின் கொழுப்பு உட்கொள்ளலையும் இதயநோய் இறப்பையும் ஒரு வரைபடத்தில் பொருத்திக் காட்டினார். புள்ளிகள் ஏறுமுகமாக அமைந்தன. 1957இல் யெருஷால்மியும் ஹில்லபோவும் 22 நாடுகளின் தரவு கிடைக்கும்போது ஆறை மட்டும் எடுத்தது ஏன் என்று கேட்டனர். 22ஐயும் சேர்த்தால் தொடர்பு தளர்ந்தது. விலங்குப் புரதமும் அதே அளவு பொருந்தி வந்தது. இந்தக் கண்டனம் சரியானது. 22 நாடுகளிலிருந்து தமக்குச் சாதகமான ஏழு நாடுகளைப் பொறுக்கியெடுத்துக் கீஸ் ஏமாற்றினார் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது வேறு கதை. அது இரண்டு ஆய்வுகளைக் குழப்பிய பேச்சு. ஏழு நாடுகள் ஆய்வு 1958இல் தொடங்கியது. அது பழைய புள்ளிவிவரத் தொகுப்பு அன்று. 40 முதல் 59 வயதான 12,763 ஆண்களை நேரில் பரிசோதித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு. அதன் இடங்கள் வசதி பார்த்தும் வேறுபாடு பார்த்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவை, வெண்ணெய் தின்னும் பிரான்ஸ் அதில் இல்லை என்பன உண்மையான குறைகள். மோசடி என்ற சொல்லுக்கு அவை போதா.

கீஸின் எதிரிகளும் ஆதரவாளர்களும் சேர்ந்தே கவனிக்கத் தவறியது அந்த ஆய்வின் மிகச் சுவையான முடிவை. கிழக்கு பின்லாந்திலும் கிரேக்கத்தின் கிரீட் தீவிலும் மக்கள் உண்ட மொத்தக் கொழுப்பு ஏறத்தாழ ஒன்றே: உணவு ஆற்றலில் 40 சதவீதம். பின்லாந்தில் அதில் பாதிக்கும் மேல் நிறைவுற்ற பால் கொழுப்பு. கிரீட்டில் நிறைவுற்ற கொழுப்பு ஆற்றலில் 8 சதவீத அளவே. மீதி பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய். ஆய்விலேயே மிக அதிக இதயநோய் பின்லாந்தில், மிகக் குறைவு கிரீட்டில். மொத்தக் கொழுப்பின் அளவு நோயைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைக் கீஸே தந்திருக்க முடியாது. ஆனால் 1977இல் அமெரிக்க செனட்டின் மெக்கவர்ன் குழு முன்வைத்த இலக்குகளும் அதைத் தொடர்ந்த அமெரிக்க அறிவுரைகளும் மொத்தக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி, அந்த இடத்தை மாவுச்சத்தால் நிரப்பச் சொல்லின. உணவுத் தொழில் அதை மகிழ்ச்சியோடு ஏற்றது. கொழுப்பு நீக்கிய பிஸ்கட்டும் இனிப்புச் சேர்த்த தயிரும் இதயத்துக்கு உகந்தவை என்ற பெயரில் கடைக்கு வந்தன. 1967இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் சர்க்கரை மீதான குற்றச்சாட்டைக் குறைத்தும் கொழுப்பு மீதானதை முன்னிறுத்தியும் ஹார்வர்ட் அறிஞர்கள் எழுதிய மதிப்பீட்டுக்குச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்திருந்தது என்ற ஆவணம் 2016இல்தான் வெளியானது. அந்த மதிப்பீட்டை எழுதியவர்களில் ஒருவர் பிற்பாடு அமெரிக்க உணவு இலக்குகளை வகுப்பதிலும் பங்கெடுத்தார் என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மின்னசோட்டா சோதனை

மூன்றாவது தொடர்பை நேரடியாகச் சோதிக்க 1968 முதல் 1973 வரை மின்னசோட்டாவில் ஒரு பெரும் முயற்சி நடந்தது. ஆறு அரசு மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் இருந்த 9,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான உணவும் இன்னொன்றுக்கு நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துச் சோள எண்ணெய் சேர்த்த உணவும் கொடுத்தனர். தலைமை ஏற்றவர் ஐவன் பிராண்ட்ஸ், உடனிருந்தவர் கீஸ். தம் ஒப்புதல் பற்றிப் பேசும் நிலையில் இல்லாத மனநோயாளிகளை இப்படிச் சோதனைக்கு உட்படுத்த இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் உண்பதை முழுக்கக் கட்டுப்படுத்திச் செய்த பெரிய சோதனை என்பதால் அதன் தரவு அரியது. முடிவுகள் 1989இல்தான் அச்சேறின. முழுமையான தரவுகள் பிராண்ட்ஸின் வீட்டு நிலவறையிலிருந்து மீட்கப்பட்டு, கிறிஸ்டோபர் ராம்ஸ்டென் குழுவால் 2016இல் வெளியிடப்பட்டன. எண்ணெய் உண்டவர்களின் ரத்தக் கொலஸ்டிரால் 13.8 சதவீதம் குறைந்தது. இறப்பு குறையவில்லை. கொலஸ்டிரால் அதிகம் குறைந்தவர்களிடம் இறப்பு கூடுதலாகவே தென்பட்டது. 1966 முதல் 1973 வரை சிட்னியில் 458 ஆண்களிடம் நடந்த சோதனையின் மீட்டெடுத்த தரவும் குசும்பா எண்ணெய் உண்ட பிரிவில் இறப்பு அதிகம் என்றே காட்டியது.

இவற்றைச் சங்கடமான விதிவிலக்கு என்று ஒதுக்குவது நேர்மையன்று. பதினாறு ஆண்டுகள் ஒரு முடிவு மேசையில் கிடந்ததே அந்தக் காலத்து அறிவியலின் மனநிலையைச் சொல்லும். எனினும் அந்த எண்களில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மனநல மருத்துவமனைகளில் நோயாளிகள் வந்தும் போயும் இருந்ததால் ஓராண்டுக்கு மேல் அந்த உணவை உண்டவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தான். பல பத்தாண்டுகளில் வளரும் தமனி நோய்க்கு இது மிகக் குறுகிய காலம். சோள எண்ணெயோடு கொடுத்த அந்நாளைய மார்ஜரினில், தமனிக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருந்திருக்க வாய்ப்புண்டு. சிட்னியில் கொடுத்த மார்ஜரின் மீதும் அதே ஐயம். கொலஸ்டிரால் குறைந்தவர்கள் அதிகம் இறந்ததற்கு இன்னொரு விளக்கமும் பொருந்தும்: கடும் நோயும் உணவு இறங்காமையும் தாமே கொலஸ்டிராலைக் குறைப்பவை. முதியோரிடம் கொலஸ்டிரால் குறைந்தால் ஆயுளும் குறைகிறது என்ற பரவலான வாதத்துக்கும் பெரும்பாலும் இதே பதில் போதும். மறுபுறம், ஆஸ்லோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் முன்னாள் படைவீரர் இல்லத்திலும் நடந்த சோதனைகள் எண்ணெய்க்கு ஆதரவாக முடிந்தன. பின்லாந்து மனநல மருத்துவமனைச் சோதனையும் ஆதரவுதான். ஆனால் அங்கே ஆட்களைக் குலுக்கிப் பிரிக்காமல் மருத்துவமனைகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டதால் அதன் எடை குறைவு. குறைந்தது இரண்டாண்டு நீடித்த சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீட்டின்படி, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களிடம் இதய, ரத்தநாளப் பாதிப்புகள் 17 சதவீதம் குறைவு; மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மூன்றாவது தொடர்பின் சான்று இவ்வளவுதான்: நன்மையின் பக்கம் சாய்கிறது, மிதமானது, உறுதி குறைவானது. அறுபதாண்டுக் காலம் பொதுமக்களிடம் பேசப்பட்ட உறுதித் தொனிக்கு இது ஈடாகாது.

உணவைத் தொடாத சான்று

கொலஸ்டிரால் கோட்பாட்டை எதிர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஒரு தாவு தாவுகிறார்கள். உணவுச் சோதனைகள் தோற்றன, எனவே கொலஸ்டிரால் குற்றமற்றது என்கிறார்கள். ஆனால் இரண்டாவது தொடர்புக்கான சான்று உணவிலிருந்து வரவே இல்லை. டெக்சாஸின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் எல்டிஎல் துகளைப் பிடித்துக் கல்லீரல் செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியைக் கண்டறிந்தனர். 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த ஏற்பி இரண்டு பெற்றோரிடமிருந்தும் பழுதாக வந்த குழந்தைகளுக்கு என்ன உண்டாலும் எல்டிஎல் பலமடங்கு உயரும். பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரும். அவர்களுக்குப் புகைப்பழக்கம் இல்லை, நீரிழிவு இல்லை, முதுமை இல்லை. எல்டிஎல் மட்டுமே இருக்கிறது.

மறுதிசைச் சான்றும் அதே நகரிலிருந்து வந்தது. எல்டிஎல் ஏற்பியை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதம் பிறவியிலேயே செயலிழந்தவர்களை ஜொனதன் கோஹனும் ஹெலன் ஹாப்ஸும் 2006இல் ஆராய்ந்தனர். பதினைந்து ஆண்டுகள் பின்தொடரப்பட்டவர்களில் இத்தகைய கறுப்பினத்தவருக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. எண்ணிக்கை சிறியது, 85 பேர்தான். வெள்ளையரிடம் காணப்பட்ட இன்னொரு மரபணு மாற்றத்தில் எல்டிஎல் 15 சதவீதமும் நோய் 47 சதவீதமும் குறைந்திருந்தன. எல்டிஎல்லைக் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைக்கும் மருந்தை ஐந்தாண்டு உட்கொண்டால் கிடைக்கும் பலன் இதில் ஒரு பகுதியே. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவியச் சோதனையில் 4,444 இதயநோயாளிகளில் சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தை உட்கொண்டவர்களில் 100க்கு 8 பேரும் உட்கொள்ளாதவர்களில் 12 பேரும் இறந்தனர். அதாவது இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிறந்த நாள் முதல் குறைவாக இருப்பதற்கும் ஐம்பது வயதில் குறைப்பதற்கும் இடையிலான இந்த வேறுபாடு, குறுகிய கால உணவுச் சோதனைகள் ஏன் பேசாமல் போயின என்பதையும் பெருமளவு விளக்குகிறது.

ஸ்டாட்டின் ஆய்வுகளுக்கு மருந்து நிறுவனங்கள் பணம் கொடுத்தன என்ற எதிர்வாதம் உண்மை; இதயநோய் இல்லாத, ஆபத்துக் குறைந்த ஒருவருக்கு அந்த மருந்தின் தனிப்பட்ட பலன் சிறிது என்பதும் உண்மை. ஆனால் பிறவி மரபணுவை எந்த நிறுவனமும் பகிர்ந்தளிக்கவில்லை. மாரடைப்போடு வருபவர்களில் பாதிப்பேருக்குக் கொலஸ்டிரால் இயல்பான அளவில்தானே இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இங்கிலாந்தின் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய கட்டுரை இதற்கு விடை தந்துவிட்டது: ஒரு சமூகத்தில் எல்லாருமே ஒரு தீங்குக்கு ஆளாகியிருந்தால் நோயாளியையும் மற்றவரையும் அந்த அளவைக்கொண்டு பிரிக்க முடியாது. இயல்பு என்று நாம் குறிப்பது சராசரியை. சராசரி நலமாக இருந்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. நல்ல கொலஸ்டிரால் என்று சொல்லப்படும் எச்டிஎல்லுக்கோ இதற்கு நேர்மாறான தீர்ப்பு கிடைத்தது. எச்டிஎல்லை 70 சதவீதத்துக்கும் மேல் உயர்த்திய டார்செட்ரபிப் மருந்தின் சோதனை, அதை உட்கொண்டவர்களிடம் இறப்பு அதிகரித்ததால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. கொலஸ்டிரால் கோட்பாடு எதைக் கொடுத்தாலும் தலையாட்டும் மதம் என்று சொல்பவர்கள் இந்த நிகழ்வை நினைவில் கொள்ளலாம்: தன் கோட்பாட்டில் பாதியை அந்தத் துறையே சோதித்துக் கைவிட்டிருக்கிறது.

பதிலீடு

இரண்டாவது தொடர்பு உறுதி, மூன்றாவது தளர்வு என்றால் சிக்கல் முதலாவதில் இருக்க வேண்டும். 2010இல் சிரி-டரினோ குழு 21 ஆய்வுகளில் 3,47,000க்கும் மேற்பட்டோரின் தரவைத் தொகுத்து, நிறைவுற்ற கொழுப்பு உண்பதற்கும் இதயநோய்க்கும் தெளிவான தொடர்பு இல்லை என்றது. 2014இல் சௌத்ரி குழுவின் தொகுப்பும் ஏறக்குறைய அப்படியே முடிந்தது. வெண்ணெய் உண்ணுங்கள் என்று டைம் இதழ் அட்டையில் போட்டது. இத்தொகுப்புகள் பொய் சொல்லவில்லை. நிறைவுற்ற கொழுப்பைக் குறைவாக உண்ட அமெரிக்கரும் ஐரோப்பியரும் அந்த இடத்தில் வெள்ளை ரொட்டியும் சர்க்கரையும் உண்டிருந்தால், ஒப்பீடு நடந்தது வெண்ணெய்க்கும் மைதாவுக்கும் இடையில். இரண்டும் சம அளவில் கெடுதல் என்ற முடிவை ‘வெண்ணெய் தீங்கற்றது’ என்று மொழிபெயர்த்தது பத்திரிகை. ஹார்வர்ட் குழு 2015இல் இதைப் பிரித்துக் கணக்கிட்டது. மொத்த ஆற்றலில் 5 சதவீதத்தை நிறைவுற்ற கொழுப்பிலிருந்து பன்மை நிறைவுறாக் கொழுப்புக்கு மாற்றினால் இதயநோய் 25 சதவீதமும், முழுத் தானியத்துக்கு மாற்றினால் 9 சதவீதமும் குறைவு. தீட்டிய மாவுக்கும் சர்க்கரைக்கும் மாற்றினால் மாற்றமே இல்லை. 48,835 பெண்களிடம் நடந்த அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வு 2006இல் ஏமாற்றியதற்கும் இதே காரணம் சொல்லலாம்: அவர்கள் எல்லா வகைக் கொழுப்பையும் சேர்த்துக் குறைத்தனர், எல்டிஎல் 4 மில்லிகிராம்கூட இறங்கவில்லை.

பதிலீட்டைக் கேட்காமல் விட்டதற்கு இந்தியா கொடுத்த விலை வனஸ்பதி. 1937 முதல் டால்டா என்ற பெயரில் நெய்யின் இடத்தைப் பிடித்த அது, தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி உறைய வைத்த பொருள். விலங்குக் கொழுப்பு இல்லை என்பது அதன் தகுதியாகப் பேசப்பட்டது. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி, எச்டிஎல்லையும் இறக்குகிறது என்று மென்சிங்க்கும் கட்டானும் 1990இல் காட்டினர். நெய்யைவிட மோசமான ஒன்றை நெய்க்கு மாற்றாக அரை நூற்றாண்டு உண்டிருக்கிறோம். டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

தேங்காய் எண்ணெய் பற்றிய சண்டையையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். அதன் கொழுப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்றது. 16 சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வின்படி, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்டிஎல்லை 10 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றுகிறது. வெண்ணெயோடு ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு பிரிட்டன் சோதனையிலோ வெண்ணெய்தான் எல்டிஎல்லை உயர்த்தியது, தேங்காய் எண்ணெய் உயர்த்தவில்லை. ஆதரவாளர்கள் காட்டும் பசிபிக் தீவுகளின் சான்றும் வலுவானதே: டோகலாவ் மக்கள் தம் ஆற்றலில் 63 சதவீதத்தைத் தேங்காயிலிருந்து பெற்றனர், இதயநோய் அரிது. ஆனால் இயன் பிரையர் 1981இல் வெளியிட்ட அதே ஆய்வில், தேங்காய் குறைவாக உண்ட புகாபுகா தீவினரைவிட அவர்களுக்குக் கொலஸ்டிரால் அதிகம் என்பதும் இருக்கிறது. நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த டோகலாவ் மக்களிடம் நிறைவுற்ற கொழுப்பு குறைந்து, சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடி, இதயநோய்க்கான ஆபத்து அதிகரித்தது என்பதும் இருக்கிறது. மீனும் தேங்காயும் உண்ட தீவுக்காரரைக் காட்டி, இட்லியும் பரோட்டாவும் உண்பவர் தேங்காய் எண்ணெய்க்கு அனுமதிச் சீட்டு வாங்க முடியாது.

அரிசி உண்ணும் நாட்டில்

மல்ஹோத்ராவின் கணக்கை இப்போது நிதானமாக வாசிக்கலாம். அது தனி மனிதர் உண்டதையும் அவர் இறந்ததையும் இணைத்த ஆய்வன்று. மண்டலத்தையும் மண்டலத்தையும் ஒப்பிட்டது. நோய் கண்டறியும் வசதியும் நீரிழிவும் புகைப்பழக்கமும் இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இவற்றை ஒதுக்கிவிட்டு எண்களை அப்படியே ஏற்றாலும் விதை எண்ணெயைக் குற்றவாளியாக்குவது கணக்கில் இடறுகிறது. பஞ்சாபியர் உண்டதில் எட்டில் ஒரு பங்கோ பத்தொன்பதில் ஒரு பங்கோ கொழுப்பு உண்டவர் தென்னிந்தியர் என்றால், அவர் உடலில் சேர்ந்த எண்ணெய் மிகச் சொற்பம். மீதித் தட்டை நிரப்பியது சோறு. ஒப்பீடு நெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் இடையில் நடக்கவில்லை. கோதுமை, பால், நெய் சேர்ந்த ஓர் உணவுக்கும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய தீட்டிய அரிசிச் சோற்றுக்கும் இடையில் நடந்தது. அன்றைய பஞ்சாபியரைக் காத்தது நெய்தானா என்பதற்கும் காலம் ஒரு விடை சொல்லியிருக்கிறது. மாநிலவாரி நோய்ச்சுமை பற்றி 2018இல் வெளியான ஆய்வில் இதய, ரத்தநாள நோய் மிகுந்த மாநிலங்களாக நின்றவை கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு. நெய் பஞ்சாபை விட்டுப் போகவில்லை, இடைவெளிதான் போய்விட்டது.

தமிழ்நாடும் இடம்பெற்ற ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வின் 2014ஆம் ஆண்டு முடிவுகள் நம் ரத்தத்தின் தன்மையைக் காட்டுகின்றன. பரிசோதிக்கப்பட்டவர்களில் 72.3 சதவீதத்தினருக்கு எச்டிஎல் குறைவு, 29.5 சதவீதத்தினருக்கு டிரைகிளிசரைடு அதிகம். மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவர்கள் 13.9 சதவீதம் மட்டுமே. வெண்ணெயும் மாட்டிறைச்சியும் உண்ட பின்லாந்துக்காரரின் ரத்தம் இப்படி இராது. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடும்போது உருவாகும் வடிவம் இது. இந்த நிலையில் எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகுவதால், கொலஸ்டிராலின் எடையை மட்டும் அளக்கும் சோதனை ஆபத்தைக் குறைத்துக் காட்டவும் கூடும். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53, பிறருக்கு 58.8 என்று இன்டர்ஹார்ட் ஆய்வு 2007இல் கண்டது.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டச் சொல்லி, தமிழில் கடந்த பத்தாண்டுகளில் பரவிய பேலியோ இயக்கம் இந்த இடத்தில் ஓர் உண்மையைப் பிடித்தது. சோற்றைக் குறைத்தவர்களில் பலருக்கு டிரைகிளிசரைடும் சர்க்கரையும் இறங்கியது வியப்பில்லை. 18 நாடுகளில் 1,35,335 பேரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளிவந்த ப்யூர் ஆய்வு, மாவுச்சத்து மிக அதிகமாக உண்டவர்களிடம் இறப்பு 28 சதவீதம் கூடுதல் என்றதும் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆற்றலில் முக்கால் பங்கைச் சோற்றிலிருந்தோ ரொட்டியிலிருந்தோ பெறுபவர் பெரும்பாலும் வறியவர், அவர் இறப்பில் வறுமைக்கும் பங்குண்டு என்ற மறுப்பை ஏற்றாலும் ஆய்வின் திசை புறக்கணிக்கத்தக்கதன்று. இயக்கம் தவறியது அடுத்த அடியில். டிரைகிளிசரைடு இறங்கினால் எல்டிஎல் 200க்கு ஏறினாலும் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்ல இரண்டாவது தொடர்பின் சான்று இடம் கொடுக்காது. சோற்றைக் குறைப்பது ஒரு முடிவு. அதன் இடத்தில் வெண்ணெயை வைப்பதா, பருப்பும் மீனும் நிலக்கடலையும் வைப்பதா என்பது வேறொரு முடிவு. 2025இல் வெளியான இந்தியாப் உணவுப் பகுப்பாய்வும் இதையே காட்டுகிறது. இந்தியர் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்து. அதில் ஒரு சிறு பங்கைப் பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றுவது நீரிழிவு ஆபத்தின் குறைவோடு சேர்ந்து வந்தது. கொழுப்புக்கு மாற்றுவதில் அந்தப் பலன் தென்படவில்லை. அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானிய மாவாகவோ மாற்றிவிட்டு மொத்த அளவை அப்படியே வைத்திருப்பதிலும் தென்படவில்லை. கம்பும் கேழ்வரகும் விற்பவர்களுக்கு இது உவப்பான செய்தியாக இராது.

ரேஷன் அட்டையில்

தனிமனிதர் தட்டைவிடப் பெரிய பதிலீடுகளை அரசு செய்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் 2011 முதல் அரிசி விலையில்லை. 2007 முதல் மானிய விலையில் துவரம் பருப்பும் பாமாயிலும் தரப்படுகின்றன. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு பாதியை ஒட்டியது. அதை நிறுத்திவிட்டு உள்நாட்டுத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ வழங்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டு வருகிறார்கள். விலை, கொள்முதல், இறக்குமதிச் செலவு என்று இந்தக் கோரிக்கை பேசப்படுகிறது. இதயம் அந்தப் பேச்சில் வருவதில்லை. தேங்காய் எண்ணெய் வந்தால் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு ஏறத்தாழ இரட்டிக்கும். கடலை எண்ணெய் வந்தால் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குச் சுருங்கும். விவசாயி ஒரே மூச்சில் கேட்கும் இரண்டு பொருள்கள் ரத்தத்தில் எதிரெதிர்த் திசையில் போகின்றன. அதே அட்டையில் பருப்பின் அளவைக் கூட்டி அரிசியில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளும் விருப்பத்தைக் குடும்பத்துக்கு விட்டால் விளைவு இன்னொன்றாக இருக்கும்.

இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ள மாநிலத்தில் இவற்றை ஊகமாக விட்டுவைக்க வேண்டியதில்லை. எண்ணெய் மாற்றத்தை எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் செய்யாமல், எந்த மாவட்டத்துக்கு எது முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, மாற்றத்துக்கு முன்பும் இரண்டாண்டுக்குப் பின்பும் எல்டிஎல்லோடு டிரைகிளிசரைடையும் துகள் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ-பி அளவையும் எடுத்தால் போதும். மின்னசோட்டா சோதனையைப் போல யாரையும் அடைத்துவைத்து ஊட்ட வேண்டியதில்லை. வழங்கப் போகும் எண்ணெயை எப்படியும் வழங்கத்தான் போகிறார்கள்.